ஒரே வீட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்

1. ஒருவரும் இல்லை

பசுபிக் தீவு மக்கள் எங்கள் பகுதியில் எத்தனை பேர் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் கேட்டார்கள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சொல்லும்படியாக ஒருவரும் இல்லை என்றேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே பஸ் தரிப்பில் நின்றவர்களில் பாதிப்பேர் சமோவாக்காரர். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. தரவுப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஜன்னலைப் பார்க்கச் சம்பளம் கிடையாது.

அது மேற்குச் சிட்னியில் ஓர் அரசாங்க சுகாதார அலுவலகம். பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் வேலை செய்கிறவர்களை வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் காண்கிறேன், அர்ச்சனைத் தட்டோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது கஷ்டம். இருபத்தாறு வருடம் அங்கே டேட்டா அனலிஸ்டாக இருந்தேன். யார் எந்த வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று எண்ணி, அட்டவணை போட்டு மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. அதைப் பார்த்துத்தான் எங்கே எந்த வசதி வரவேண்டும் என்று மேலிடம் தீர்மானிக்கும். அப்படித்தான் மேலிடம் சொல்லிக்கொள்ளும்.

கேட்டவர் எங்கள் டைரக்டர் கார்த்திக். மதுரைக்காரர், கெல்லிவில்லில் வீடு, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வேலையைத் தலையில் கட்டுவதில் சமர்த்தர்.

"அக்கா, டயாலிசிஸ் சேர் ஆறு புதுசா வருது. ரெண்டு ஏரியா கேக்குறாங்க. நம்பர் எங்க அதிகமோ அங்கதான் போகும். நம்ம ஏரியாவுல பசிபிக் ஆளுங்க நிறையப் பேருக்கு கிட்னி ப்ராப்ளம்னு அந்த கம்யூனிட்டி லேடி சொல்றாங்க. சிஸ்டத்துல பாத்தா ஆளே இல்லையே?"

சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலைந்து மணித்தியாலம், டயாலிசிஸ் கதிரையில் இருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். செய்யாவிட்டால் ஆள் இல்லை. எங்கள் பகுதியில் அந்தக் கதிரை ஒன்றுகூடக் கிடையாது. எல்லோரும் இரண்டு ரயில் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள்.

கம்ப்யூட்டரில் ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் எங்கள் படிவம். ஆஸ்பத்திரியில் உங்கள் இனம் என்ன என்று கேட்பதில்லை, பிறந்த நாடு எது என்றுதான் கேட்பார்கள். எங்கள் பகுதிச் சமோவாக்காரர், தொங்காக்காரர் பலரும் ஒக்லாந்தில் பிறந்தவர்கள். தாய் தகப்பன் தீவிலிருந்து நியூசிலாந்துக்குப் போக, பிள்ளைகள் அங்கிருந்து வேலை தேடிச் சிட்னிக்கு வந்தார்கள். ஆகவே கம்ப்யூட்டரில் அவர்கள் நியூசிலாந்துக்காரர். செம்மறியாட்டுப் பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரரும் அவர்களும் எங்கள் அட்டவணையில் ஒரே வரிசையில் இருந்தார்கள். இது எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இதற்கு அனுபவம் என்று பெயர்.

2. நிபுணர்கள் வழிகாட்டினார்கள்

பிரச்சினை என்று வந்தால் எங்கள் அலுவலகம் உடனே ஒரு நிபுணர் குழு அமைக்கும். இந்தக் குழுவின் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாதது. பசுபிக் மக்களின் தரவு இறையாண்மைக்கும் சுகாதாரச் சமத்துவத்துக்கும் வழிகாட்டும் குழு. தலைவர் ஒரு பேராசிரியர், அவருக்கு உதவியாக மூன்று கலாநிதிகள், ஓர் ஆலோசனைக் கம்பனிக்காரர். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப் பலகை இருந்தது. மேசையின் கடைசியில் இருந்த பலகையில் பெயர் இல்லை, சமூகம் என்று எழுதியிருந்தது.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்தவள் செஃபீனா. கார்த்திக் சொன்ன கம்யூனிட்டி லேடி அவள்தான். ஐம்பது வயது, சமோவாக்காரி, சமூக சுகாதாரப் பணியாளர். எங்கள் பகுதியில் எந்த வீட்டுக் கிழவருக்கு எந்தக் குளிசை, எந்தத் தேவாலயச் சபையில் யாருக்குக் கால் புண் என்று அவளுக்கு மனப்பாடம். இதெல்லாம் நிபுணத்துவத்தில் சேராது என்றபடியால் அவளுக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். கூட்டத்தைப் பிரார்த்தனையோடு ஆரம்பிப்பது, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரிடம் ஓடர் கொடுக்கலாம் என்று சொல்வது.

செஃபீனா பேசியது ஆங்கிலம். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் பேராசிரியர் ஐம்பது நிமிடம் ஸ்லைட் காட்டினார். தரவு இறையாண்மை என்றால், ஒரு மக்களைப் பற்றிய தரவு அந்த மக்களுக்கே சொந்தம், அதை எதற்குப் பாவிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுக்கே. நல்ல விஷயம். எல்லோரும் தலையாட்டினார்கள். செஃபீனா கையை உயர்த்தினாள்.

"அப்ப எங்கடை தரவை எங்கை வந்து எடுக்கிறது?"

பேராசிரியர் சிரித்தார். மிகவும் நல்ல கேள்வி, அதைப் பார்க்கிங் லொட்டில் போடுவோம் என்றார். பதில் தெரியாத கேள்விகளை எழுதி ஒட்டும் வெள்ளைப் பலகைக்கு எங்கள் அலுவலகத்தில் அப்படிப் பெயர். அன்று அவளுடைய ஐந்து கேள்வி அங்கே போய் ஒட்டிக்கொண்டது. கூட்டம் முடிந்ததும் சுத்தம் செய்கிறவர் வந்து துடைத்துவிட்டுப் போனார்.

வெளியே வரும்போது அவள் என்னோடு லிஃப்டில் நின்றாள். ஸ்லைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "என்ரை தம்பி ஒருத்தன் இருக்கிறான், மலர்" என்றாள். "தாவிட்டா. வெயார்ஹவுசிலை ஃபோர்க்லிஃப்ட் ஓடுறவன். டயாலிசிசுக்கு ரெண்டு ரெயின் மாறிப் போறான். இனி ஏலாது, விடப்போறன் எண்டு சொல்லுறான். எனக்கு அந்தக் கதிரை வேணும். இவையின்ரை ஸ்லைட் எனக்கு வேண்டாம்." பிறகு, இது சபையில் ஒருவருக்கும் தெரியாது என்றாள். தாவிட்டாவுக்குக் குடும்பத் தலைவர் பட்டம் கொடுத்திருந்தார்கள். நாலு பேருக்குப் புத்தி சொல்கிற ஸ்தானத்தில் இருப்பவன் தன் சீவன் ஒரு மெஷினில் ஓடுகிறது என்று சொல்ல வெட்கப்பட்டான்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அங்கேதான் பிழை தொடங்கியது. மனம் கேட்காத டேட்டா அனலிஸ்டைவிட ஆபத்தான பிராணி அரசாங்கத்தில் இல்லை.

3. என் கெட்டித்தனம்

அதற்குக் கொஞ்ச மாதம் முன்பு செஃபீனாவின் சபையில் இலவசச் சலரோகப் பரிசோதனை, அதாவது இரத்தத்தில் சீனி பார்ப்பது, நடந்தது. வந்தவர்களின் பெயரையும் விலாசத்தையும் அவள் ஒரு பட்டியலாக எங்களுக்கு அனுப்பியிருந்தாள், முடிவுகளைத் தபாலில் போடுவதற்காக. அந்தப் பட்டியல் என் ஃபோல்டரில் கிடந்தது.

நான் யோசித்தேன். பட்டியலில் இருக்கும் குடும்பப் பெயர்களை எடுத்து, டயாலிசிஸ் பதிவுகளில் நியூசிலாந்து என்று இருப்பவர்களோடு பொருத்திப் பார்த்தால், ஒளிந்திருக்கும் பசுபிக் மக்கள் வெளியே வந்துவிடுவார்கள். பிறந்த நாடு தெரியாது என்று கிடந்தவர்களையும் சேர்த்துக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தெருத் தெருவாக ஒரு வரைபடம். வடிவாகத்தான் இருந்தது. எனக்கே என்னில் ஒரு பெருமை.

யாரையாவது கேட்டேனா என்றால், இல்லை. நல்ல காரியம்தானே, ஏன் கேட்க வேண்டும்.

இரண்டாவது கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் போட்டேன். நிபுணர்கள் கதிரையின் நுனிக்கு வந்தார்கள். ஆலோசனைக் கம்பனிக்காரர் போனில் படம் எடுத்தார். செஃபீனா எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். கனநேரம் பார்த்தாள். ஒரு தெருவில் ஒரு வீட்டைத் தொட்டுக் காட்டினாள். அதில் இரண்டு புள்ளி.

"இந்த வீட்டிலை ரெண்டு பேர் இல்லை. ஒராள்தான்" என்றாள். "அது என்ரை தம்பி."

பிறகுதான் விஷயம் விளங்கியது. தாவிட்டாவுக்குப் பட்டம் கிடைத்தபோது, அவர்கள் வழக்கப்படி அந்தப் பட்டப்பெயர் அவன் பெயருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. பழைய பெயரில் ஒரு பதிவு, பட்டத்தோடு ஒரு பதிவு. என் புரோகிராம் அவனை இரண்டு ஆளாக்கியது. அது மட்டுமில்லை. அவர்களில் பலருக்குத் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, பேரனுக்கு இன்னொன்று. என் புரோகிராம் குடும்பம் குடும்பமாகத் தவறவிட்டிருந்தது. வேதாகமப் பெயர்கள் வேறு அங்கே தாராளம். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. அந்த வீட்டில் இருப்பவர் பருத்தித்துறைச் சாமுவேல் மாஸ்டர். அவரை நான் பசுபிக் சமுத்திரத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தேன்.

இதைச் செய்தது யார் என்றால், தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். எங்கள் வீட்டிலேயே எனக்கு ஒரு குடும்பப் பெயர், என் கணவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. மெடிகெயார் மருத்துவக் காப்புறுதிக் கவுண்டரில் இதை விளங்கப்படுத்தியே எனக்கு நரை விழுந்தது. அந்த நான்தான் சமோவாக்காரரைக் குடும்பப் பெயரால் எண்ணப் புறப்பட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். நான் குரங்கைத்தான் பிடித்தேன், பிள்ளையார் என்று காட்டவும் செய்தேன்.

"இந்தப் பெயரெல்லாம் உமக்கு ஆர் தந்தது?" என்று செஃபீனா கேட்டாள்.

"நீர்தான் அனுப்பினீர், பரிசோதனை நடந்தபோது."

"ஓம். பரிசோதனைக்குத் தந்தனான்."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பேராசிரியர், இது மிகவும் வளமான ஒரு தருணம் என்றார்.

அடுத்த நாளே அந்த வளமான தருணத்தை அவர் இன்னும் வளமாக்கினார். சமூகத்தோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறியில் இருக்கிறதல்லவா, அதன்படி வரைபடத்தைச் செஃபீனாவின் சபைப் பாதிரியாருக்கு ஈமெயிலில் அனுப்பிவைத்தார். சபை அலுவலகத்தில் யாரோ அதை அச்செடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தாவிட்டாவின் வீட்டில் என்ன புள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தாவிட்டா அந்த வாரம் டயாலிசிசுக்குப் போகவில்லை. திங்கள் போகவில்லை, புதன் போகவில்லை. வியாழக்கிழமை அம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது.

4. பாய் வேண்டாம்

அன்று வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். இவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். என் கணவர் அதிகம் பேசாத மனுஷன், பேசினால் ஆணி அடித்த மாதிரித்தான் பேசுவார்.

"நான் நல்லதுக்குத்தானே எடுத்தனான்" என்றேன்.

"லிஸ்ட் எடுக்க வந்தவன் ஆர் கெட்டதுக்கு எடுக்கிறன் எண்டு சொன்னவன்?" என்று கேட்டார். "ஊரிலை ஆமிக்காரன் வீடு வீடா வந்து குடும்பப் பதிவு எண்டு பெயரெழுதினவன். உங்கடை பாதுகாப்புக்கு எண்டுதான் சொன்னவன்."

எனக்குக் கோபம் வந்தது. என்னை எதோடு ஒப்பிடுகிறார் என்று கத்தினேன். அவர் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். அந்த இரவு முழுக்க அவர் சொன்னது சரி என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அத்தனை வருடச் சேவையில் எத்தனையோ அட்டவணை பிழைத்திருக்கிறது, ஒருநாளும் இப்படி வெட்கப்பட்டதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு தட்டு மரக்கறி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு அந்தச் சபை மண்டபத்துக்குப் போனேன். வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது. அவர்கள் ஏசுவார்கள் என்று நினைத்தேன். முதலில் சாப்பாடு போட்டார்கள். பிறகு பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. நிகழ்ச்சி நிரல் இல்லை, பார்க்கிங் லொட் இல்லை. என் முறை வர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று.

நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு, பிழை என்னுடையது என்றேன். என் ஊரில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போனவர்களைப் பற்றியும், அந்தக் காகிதம் பிறகு எங்கே போனது என்று தெரியாமல் நாங்கள் பயந்து கிடந்ததைப் பற்றியும் சொன்னேன். எனக்கு அது தெரிந்திருந்தும் நான் உங்களுக்கு அதைச் செய்தேன் என்றேன்.

பாதிரியாரின் மனைவி எழுபது வயதான அம்மா. செஃபீனாவிடம் சமோவா மொழியில் ஏதோ சொன்னார். செஃபீனா எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"எங்கடை ஊரிலை பெரிய பிழை செய்தவை பாயைத் தலைக்கு மேலாலை போர்த்துக்கொண்டு, ஆருக்குப் பிழை செய்தவையோ அவையின்ரை வீட்டு வாசலிலை வந்து இருப்பினம். உள்ளுக்கு இருக்கிறவை மன்னிச்சால் வந்து பாயை எடுப்பினம். எடுக்கும் வரைக்கும் வெய்யிலிலை இருக்க வேணும். நீர் பாய் கொண்டு வரவேண்டாம் எண்டு அம்மா சொல்லுறா. ஃபைலைக் கொண்டு வாரும். எங்கடை கண்ணுக்கு முன்னாலை அதை அழியும். அதுக்குப் பிறகு கதிரையைப் பற்றிக் கதைப்பம்."

5. என்மேல் நானே போட்ட முறைப்பாடு

திங்கட்கிழமை கார்த்திக்கிடம் போய், அந்த வரைபடத்தையும் பொருத்திய ஃபைலையும் அழிக்க வேண்டும் என்றேன்.

"அக்கா, அது டிபார்ட்மென்ட் சொத்து. நம்ம இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. ஆர்கைவ்ல கிடக்கட்டும், யாரு பாக்கப்போறாங்க?"

"ஆர் பாக்கப்போகினம் எண்டு நினைச்சுத்தான் தம்பி, பேராசிரியரும் ஈமெயில் போட்டவர்."

அவர் நெற்றியைத் தடவினார். நல்ல பிள்ளை, ஆனால் டைரக்டர். நிபுணர் குழுவிடம் ஆலோசனை கேட்போம் என்றார். குழு கூடியது. தரவு இறையாண்மையின்படி ஃபைலை அழிப்பதா, அல்லது தரவு இறையாண்மை மீறப்பட்டதற்குச் சான்றாக ஃபைலைப் பாதுகாப்பதா என்று விவாதித்தார்கள். ஓர் உபகுழு அமைத்துப் பிரிந்தார்கள். மேலிடத்துக்கு எண்ணிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாவிட்டா இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான்.

எங்கள் அலுவலகத்தில் மனுஷர் கண்ணீருக்கு ஒரு விலையும் இல்லை, படிவத்துக்கு மட்டும் எல்லோரும் பயப்படுவார்கள். இதை அறிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. தனியுரிமை மீறல் படிவம் ஒன்றை எடுத்தேன். மீறலைச் செய்தவர் யார் என்ற இடத்தில் என் பெயர். மீறலைக் கண்டுபிடித்தவர் யார் என்ற இடத்திலும் என் பெயர். மேலும் பரவாமல் தடுக்க என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற இடத்தில், அழிக்கச் சொல்லிக் கேட்டேன், உபகுழு போட்டிருக்கிறார்கள் என்று எழுதினேன். பிரைவசி ஒஃபிசருக்கு அனுப்பிவிட்டுக் கார்த்திக்குக்கு ஒரு பிரதி வைத்தேன்.

அவர் ஓடி வந்தார். "அக்கா, உங்க மேல நீங்களே கம்ப்ளெயின்ட் குடுப்பீங்களா? ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. அந்த மேனேஜர் போஸ்ட்டுக்கு உங்க பேரத்தான் போட்டு வச்சிருக்கேன்."

"தெரியும் தம்பி."

"இத ரெக்கார்ட்ல ஏத்தினா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அதுக்குத்தான் ஏத்தினனான்."

உபகுழுவால் முடியாததை அந்தப் படிவம் இரண்டு நாளில் செய்தது. எல்லாப் பிரதியையும் அழித்து, சாட்சிக் கையெழுத்தோடு அறிக்கை தரவேண்டும் என்று பிரைவசி ஒஃபிசர் கட்டளை அனுப்பினார். சாட்சியாகச் செஃபீனாவும் பாதிரியாரின் மனைவியும் வந்து இருந்தார்கள். ஐ.ரி. பிரிவுக்காரர் திரையில் ஃபைலை அழித்துக் காட்டினார். அந்த அம்மா, வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஐ.ரி.க்காரர், பக்கப்பில், காப்புப் பிரதியாக என்றார். அம்மா அதையும் அழிக்கச் சொன்னார். வேறு எங்கே? நிபுணர்களின் ஈமெயிலில். ஒவ்வொருவருக்கும் போன் போட வைத்தார். ஆலோசனைக் கம்பனிக்காரர் போனில் எடுத்த படம்வரைக்கும் போனது. ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. தரவு இறையாண்மை என்றால் என்ன என்று நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. மேனேஜர் பதவி வேறொருவருக்குப் போனது. கவலை இல்லை என்று சொன்னால் பொய். கவலைப்பட்டேன், இரண்டு நாள் குசினியில் சட்டி பானைகள் என்னிடம் ஏச்சு வாங்கின.

அதன்பிறகு செஃபீனாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு தாளில் தங்கள் நிபந்தனையை எழுதிக்கொண்டு வந்தார்கள். தாங்களே எண்ணுவார்கள். பெயர்கள் தங்களிடமே இருக்கும். எங்களுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும். வேறு எதற்காவது பாவிப்பதென்றால் மூன்று பெண்களும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மறுத்தாலும் இல்லை. நிபுணர் குழுவின் வழிகாட்டு நெறி அப்போது தடித்த புத்தகமாக அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. செஃபீனாவின் ஒரு தாளை அதன் கடைசியில் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். நன்றியுரையில் சமூகத்துக்கு நன்றி என்று இருந்தது.

ஆராதனை முடிந்த சபை வாசலிலும், வொலிபோல் மைதானத்திலும், சாவீட்டிலும் அந்தப் பெண்கள் போய்க் கேட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்குச் சிறுநீரகம், எங்கே போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள். என்ன காரணத்துக்குக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள். வந்த எண்ணிக்கை என் வரைபடத்தில் இருந்ததைவிட எவ்வளவோ கூட. கார்த்திக் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேம்ஸ் இல்லாம எப்படிக்கா வெரிஃபை பண்றது?" என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்துவிட்டு, செஃபீனாவிடம் அதையே ஆங்கிலத்தில் பவ்வியமாகக் கேட்டார்.

"கதிரையைப் போட்டுப் பாருங்கோ" என்றாள் அவள். "நிரம்பாட்டி எடுத்துக்கொண்டு போங்கோ."

கார்த்திக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்காக அவரை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன்.

6. கதிரை

ஆறு கதிரையும் எங்கள் பகுதிக்கு வந்தன. முதல் வாரத்திலேயே காத்திருப்போர் வரிசை எழுத வேண்டியதாயிற்று.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். பேராசிரியர் புதுக் கழுத்துப்பட்டியோடு வந்தார், ஆலோசனைக் கம்பனிக்காரர் வந்தார். செஃபீனா மதிலோரம் நின்றாள், நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். ரிப்பன் வெட்டும்போது உள்ளே டயாலிசிஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் அமைச்சரின் நேரத்தைப் பார்த்துப் பழுதாவதில்லை. இரண்டாவது கதிரையில் தாவிட்டா இருந்தான். இப்போது வீட்டிலிருந்து நடந்தே வருகிறான். நான் அவனை முதல் தடவையாகக் கண்டேன். பெரிய ஆள், மெலிந்திருந்தான். என்னைத் தெரியும் என்று தலையசைத்தான். சிரிக்கவில்லை. அவன் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

மீடியா பிரிவுப் பெண்ணுக்கு ஒரு படம் வேண்டும். பசுபிக் நோயாளி, அமைச்சர், நிபுணர்கள், எல்லோரும் ஒரே சட்டத்துக்குள். அவள் தாவிட்டாவிடம் குனிந்து, சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி, இதிலே கையெழுத்துப் போட்டால் போதும் என்று சம்மதப் படிவத்தை நீட்டினாள். இரண்டு பக்கம். அமைச்சர் கதிரைக்குப் பின்னால் போய் நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

தாவிட்டா மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது, மற்றக் கையால் படிவத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தான். அவசரமே இல்லை. அமைச்சரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. உதவியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் கால் மாற்றி நின்றார். முதல் பக்கம் முடிந்தது. திருப்பினான். நான் சேவையில் இருந்த காலமெல்லாம் ஒரு சம்மதப் படிவத்தை ஒருவர் முழுவதும் வாசித்து நான் கண்டதில்லை. வாசிக்க நாங்கள் நேரம் கொடுத்ததும் இல்லை. வேண்டாம் என்று சொல்லலாம் என்ற வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும். நானே பல முறை எழுதியிருக்கிறேன். யாராவது சொல்வார்கள் என்று நினைத்து எழுதவில்லை.

அவன் கடைசி வரிவரைக்கும் வாசித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"வேண்டாம்" என்றான்.

அந்தப் பெண் திகைத்துவிட்டாள். "ஏன் என்று கேட்கலாமா?"

"கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனைக் காதில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

செஃபீனா என் கையைப் பிடித்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கு இரண்டும் வந்தது. இந்த உத்தியோகத்துக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஆட்களைக் கேளுங்கள். கேட்டபிறகு, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை நில்லுங்கள்.

கடைசியில் வேறு வழியில்லாமல், அடுத்த நோயாளி இன்னும் வந்து சேராத ஒரு கதிரையைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டியிருக்கிறார்கள். அமைச்சர் இருக்கிறார், கார்த்திக் இருக்கிறார், நிபுணர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், நடுவில் வெறுங்கதிரை. தாவிட்டா வாரத்தில் மூன்று நாள் அதைக் கடந்துபோய்த் தன் கதிரையில் இருக்கிறான்.